“நான் அழுதது என் பிள்ளை குடல்ல எழுதிருச்சா டாக்டர்?”

மேலூர் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பேரு, ஊரு, வைத்தியம் பாத்த ஆஸ்பத்திரி எதையும் இங்க போடல, அடையாளம் தெரியிற ஒண்ணு ரெண்டு விஷயத்தையும் மாத்தியிருக்கேன். கடிதம் பெருசு, சுருக்கித் தர்றேன்.

வயசு 26. சொந்த அத்தை மகனைத்தான் கட்டியிருக்காங்க, தலைப்பிரசவம். அஞ்சாம் மாசம் முடியப் போறப்ப அவங்க அப்பா திடீர்னு தவறிட்டாரு. அதுக்கப்புறம் சரியா சாப்பிடாம தூங்காம அழுதுக்கிட்டே கிடந்திருக்காங்க. ஏழாம் மாசம் காலு முகமெல்லாம் வீங்கி பிபி ஏறி, டாப்ளர் ஸ்கேன்ல தொப்புள்கொடி வழியா பிள்ளைக்குப் போற ரத்தம் ரொம்பக் கம்மின்னு தெரிஞ்சு, 29 வாரத்துலயே சிசேரியன். ஆம்பளப் பிள்ளை, 1 கிலோ 120 கிராம். முதல் நாலஞ்சு நாள் இவங்களுக்குப் பால் வரல, என்ஐசியூல, அதாவது பச்சைப்பிள்ளைங்களுக்கான தீவிர சிகிச்சை வார்டுல, டியூப் வழியா பவுடர் பால் குடுத்திருக்காங்க, பால் ஊறுனதுக்கு அப்புறம் பிழிஞ்சு குடுத்ததையே ஏத்தியிருக்காங்க. 17ஆம் நாள் டியூப்ல பால் பச்சையாத் திரும்பி வந்திருக்கு. “வயிறு உப்பி தோலு இழுத்துப் பிடிச்சு மின்னுச்சு டாக்டர், நீல நரம்பு அப்படியே தெரிஞ்சுச்சு, டயப்பர்ல ரத்தம்”னு எழுதியிருக்காங்க. எக்ஸ்ரே பாத்துட்டு என்இசிங்கிற குடல் நோய்னு சொல்லி பாலை நிறுத்தி ஆன்டிபயாடிக் போட்டும் ரெண்டாம் நாளே குடல் ஓட்டையாயிருச்சு. ஆபரேஷன் பண்ணி சிறுகுடலோட கடைசிப் பகுதில 18 சென்டிமீட்டர் எடுத்துட்டு, மலம் வெளிய வர்றதுக்கு வயித்துல வெளிவழி வச்சு, ரெண்டு மாசம் கழிச்சு மூடியிருக்காங்க. இப்ப பிள்ளைக்கு 7 மாசம், எடை 5 கிலோ 400.

பிள்ளை பொழைச்சு வீட்டுக்கு வந்துட்டான், ஆனா வீட்டுல நிம்மதி இல்ல. கொழுந்தனார் போன்ல ஒரு வீடியோ காட்டியிருக்காரு, அதுல எபிஜெனடிக்ஸ்னு சொல்லி தாயோட மனசு கஷ்டம் பிள்ளையோட ஜீன்லயே எழுதப்படுதுன்னு பேசியிருக்காங்க. அதைக் கேட்டுட்டு நாத்தனார், “நீ அழுத அழுகைதான் என் மருமகன் குடலை அழுக வச்சுருச்சு”ன்னு பந்தில வச்சே சொல்லிட்டாங்களாம். இன்னொருத்தர் சொந்தத்துல கட்டுனதால வந்த வினைன்னு சொல்றாரு. அந்த வீடியோ போட்டவங்களே ஜீன்ல இருக்க குறியைப் பாக்குற டெஸ்ட்டும், அதைச் சுத்தம் பண்ற பவுடரும் விக்கிறாங்களாம். “நகையை அடகு வச்சாவது செஞ்சுறவா?”ன்னு கேக்குறாங்க. பவுடர் பால் குடுத்தது தப்பா, ஆஸ்பத்திரி மேல புகார் குடுக்கணுமா, அடுத்த பிள்ளைக்கும் இதே வருமான்னும் கேட்டிருக்காங்க.

தங்கச்சி,

உங்க பெரிய கேள்விக்கு நேராப் பதில் சொல்லிட்டு மத்ததுக்கு வர்றேன். நீங்க அழுததால உங்க பிள்ளைக்கு இந்த நோய் வரல. ஆறுதலுக்காக இதைச் சொல்லலம்மா. இந்த நோய்க்குன்னு டாக்டர்களுக்குத் தெரிஞ்ச காரணங்கள் வேற, அதுல பெரிய ரெண்டும் உங்க கடிதத்துல நீங்களே எழுதியிருக்கீங்க, ஆனா அதை ஒத்தை வரில தாண்டிட்டு அழுததைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க.

பிள்ளை குடல்ல என்ன நடந்துச்சு

என்இசிங்கிறது நெக்ரோடைசிங் என்டரோகோலைட்டிஸ். குடல் சுவர் வீங்கி, ரத்த ஓட்டம் குறைஞ்சு, கிருமி உள்ள புகுந்து, அந்த இடம் செத்துப்போற நோய். ஒன்றரைக் கிலோவுக்குக் கீழ பிறக்குற பிள்ளைங்கள்ல நூத்துக்கு அஞ்சுல இருந்து பத்து பேருக்கு வருது. பெரும்பாலும் பிறந்த உடனே வராது, ரெண்டு மூணு வாரம் கழிச்சு, பிள்ளை பாலைத் தாங்கிக்கிட்டு எடை ஏறிக்கிட்டு இருக்கப்பதான் வரும், அதனாலதான் எந்த அம்மாவைக் கேட்டாலும் நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்னு சொல்வாங்க. எக்ஸ்ரேல குடல் சுவருக்குள்ளயே பொடிப்பொடியா காத்துக் குமிழி தெரியும், அது கிருமி விடுற காத்து, அதைப் பாத்துட்டா எங்களுக்குச் சந்தேகம் போயிரும். டிஸ்சார்ஜ் சம்மரில ஸ்டேஜ் 3பின்னு போட்டிருந்தா குடல் ஓட்டையான ஸ்டேஜ்னு அர்த்தம். 1978ல பெல்ங்கிற சர்ஜன் பிரிச்ச முறை, அதைத்தான் கொஞ்சம் திருத்தி இன்னைக்கும் எல்லா ஊர்லயும் வச்சிருக்கோம். அந்த ஸ்டேஜ்ல இருந்து உங்க பிள்ளை திரும்பி வந்திருக்கான், ஆபரேஷன் வரைக்கும் போன பிள்ளைங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒண்ணு திரும்புறதில்ல.

குறைமாசப் பிள்ளைக்கு மட்டும் ஏன்னு கேட்டா, குடலோட உள்சுவர்ல டிஎல்ஆர் 4ன்னு ஒரு புரதம் இருக்கு, கிருமி வந்தா கண்டுபிடிக்கிற புரதம். கருவுல குடல் வளர்றதுக்கே அது தேவைங்கிறதால அப்ப நிறைய இருக்கும், மாசம் நிறைய நிறையக் குறைஞ்சிரும். 29 வாரத்துல வெளிய வந்த பிள்ளைக்கு அது இன்னும் குறையல, அந்த நேரத்துல கிருமி வந்து தொட்டுச்சுன்னா அது அளவுக்கு மீறி எதிர்த்து, தன்னோட குடல் சுவரையே கெடுத்து, ரத்தக் குழாயையும் சுருங்க வச்சிருது. இது முதல் காரணம், பிள்ளை சீக்கிரம் பிறந்தது. ரெண்டாவது உங்க டாப்ளர் ரிப்போர்ட். வயித்துக்குள்ள ரத்தம் பத்தாமப் போனா பிள்ளையோட உடம்பு இருக்குற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் முதல்ல அனுப்பும், குடலுக்குப் போறதைக் குறைச்சிரும். வாரக்கணக்கா அப்படிப் பத்தியம் இருந்த குடல் வெளிய வந்து பாலைச் செரிக்கணும்.

பிபி ஏறுனது அழுததாலதானேன்னு அடுத்துக் கேப்பீங்க. கர்ப்பத்துல வர்ற இந்த பிபி, அதாவது ப்ரீஎக்ளாம்ப்சியா, குறிப்பா இவ்வளவு சீக்கிரம் வர்றது, நச்சுக்கொடி கர்ப்பப்பைல சரியா ஊணாததால வர்றது. நச்சுக்கொடிக்குப் போற ரத்தக் குழாய் அகலமாகுற வேலை பெரும்பாலும் முதல் நாலரை அஞ்சு மாசத்துக்குள்ளயே நடக்குது. அது சரியா நடக்கலன்னா ஏழாம் மாசம்தான் வெளிய தெரியும். உங்க அப்பா தவறுன நாளுக்கு முன்னாடியே அந்தக் குறை பெரும்பாலும் உள்ள விழுந்திருக்கும், அதைக் கண்ணீரால போட்டிருக்கவும் முடியாது, சிரிப்பால தடுத்திருக்கவும் முடியாது.

ஜீன் மேல விழுற குறி

அந்த வீடியோல சொன்ன எபிஜெனடிக்ஸ் பொய் இல்லம்மா, நிஜமான விஞ்ஞானம்தான், 1942லயே வாடிங்டன்ங்கிற விஞ்ஞானி பேரு வச்சுட்டாரு. அதைச் சொன்ன விதம்தான் தப்பு. மதுரைக்காரங்களுக்குச் சுங்குடிய வச்சே விளக்கிடலாம். துணி ஒரே துணி, எங்க நூலைச் சுத்தி முடிச்சு போட்டிருக்கோ அங்க சாயம் ஏறாது, மத்த இடத்துல ஏறும், துணியோட இழையை யாரும் மாத்தல. டிஎன்ஏல மெத்தில்னு ஒரு சின்ன ரசாயனத் துணுக்கு சில இடத்துல ஒட்டிக்கும், அப்படி ஒட்டுன இடத்துல இருக்க ஜீன் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். இது போக டிஎன்ஏ சுத்தியிருக்க ஹிஸ்டோன் புரதத்துலயும் குறி விழும், அது இறுக்கமா சுத்தியிருந்தா ஜீன் வேலை செய்யாது, தளர்ந்தா செய்யும். கண்ணுல இருக்க செல்லுலயும் குடல்ல இருக்க செல்லுலயும் ஒரே டிஎன்ஏதான், ஒண்ணு பாக்குது இன்னொண்ணு செரிக்குதுன்னா இந்தக் குறிகளாலதான். அதனால குறி இருந்தாலே நோய்னு கிடையாது, குறி இல்லாம மனுஷ உடம்பே இல்ல.

இதுக்கும் பிள்ளை குடலுக்கும் என்ன சம்பந்தம்னா, நிறையவே இருக்கு. பிறந்து பால் குடிக்கிற நாட்கள்லதான் குடல் செல்கள்ல இந்தக் குறி வேகமா மாறுது. எலிங்கள்ல பாத்து 2015ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, பால் குடிக்கிற வயசுல குடல்ல நுண்ணுயிரிகளே இல்லாம வளத்தா, குடலோட ஸ்டெம் செல்கள்ல, அதாவது புது செல்லை உண்டாக்குற செல்கள்ல, மெத்தில் குறி விழுற விதமே மாறிப்போகுது. தாய்ப்பால்ல இருக்க ஒரு வகை சர்க்கரையைப் பிள்ளையால செரிக்க முடியாது, அது பிள்ளைக்காக இல்ல, பிள்ளை வயித்துல இருக்க நல்ல பாக்டீரியாவுக்கான சாப்பாடு. குடல் பாக்டீரியாங்க இதை எல்லாம் தின்னு விடுற அமிலங்கள்ல ப்யூட்டிரேட்டுன்னு ஒண்ணு ஹிஸ்டோன் குறியை அழிக்கிற என்சைமைத் தடுக்கும், அதாவது நேரா குறிங்க மேலயே வேலை செய்யுது. தாய்ப்பாலுக்கே டிஎல்ஆர் 4ஐ அடக்குற சக்தி இருக்குன்னும் ஆராய்ச்சில காட்டியிருக்காங்க. எனக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் படிக்கப் படிக்க ஆச்சரியமா இருக்கும், ஒரு தாயோட நெஞ்சுல ஊறுற பாலுக்கும் பிள்ளையோட டிஎன்ஏக்கும் நடுவுல இவ்வளவு பெரிய பேச்சுவார்த்தை நடக்குது.

என்இசிலயே நேரா பாத்த ஆராய்ச்சியும் இருக்கு. 2020ல அமெரிக்காவுல, என்இசிக்காக ஆபரேஷன்ல எடுத்த குடல் துண்டையும் வேற காரணத்துக்காக எடுத்த குடல் துண்டையும் ஒப்பிட்டாங்க. என்இசி வந்த குடல் செல்கள்ல டிஎன்ஏ பூரா மெத்தில் குறி கூடுதலா இருந்துச்சு. வீடியோக்காரங்க இதைத்தான் பிடிச்சுக்கிட்டு ஜீன்ல எழுதியிருந்ததால நோய் வந்துச்சுன்னு சொல்றாங்க. அந்தத் துண்டு எப்ப எடுத்ததுன்னு யோசிங்க. நோய் முத்தி, குடல் செத்து, வெட்டி எடுத்ததுக்கு அப்புறம். குறி முன்னாடியே இருந்து நோயைக் கொண்டாந்துச்சா, இல்ல நோயோட புண்ணும் வீக்கமும்தான் குறியைப் போட்டுச்சான்னு அந்தத் துண்டை வச்சு சொல்ல முடியாது, வீக்கமே குறியை மாத்தும்ங்கிறது தெரிஞ்ச விஷயம். ஒருவேளை முன்னாடியே இருந்துச்சுன்னே வச்சுக்குவோம், அப்பவும் அதைப் போட்டது குறைமாசமா, ரத்தக் குறைவா, ஆன்டிபயாடிக்கா, பாலா, நுண்ணுயிரியான்னு பிரிக்கவேண்டியிருக்கு. இதுல தாயோட அழுகைன்னு ஒரு வரி அந்த ஆராய்ச்சில கிடையாது.

பட்டினில இருந்த தாய்மார் பிள்ளைங்களுக்கு அறுபது வருஷம் கழிச்சும் ஜீன்ல குறி இருந்துச்சுன்னு வீடியோல சொன்னதா எழுதியிருக்கீங்க. அது நெதர்லாந்துல 1944–45 குளிர்காலத்துல ஜெர்மன் ராணுவம் சாப்பாடு வர்றதைத் தடுத்ததால வந்த பஞ்சம். ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழ ரேஷன் போன காலம். 2008ல வந்த ஆராய்ச்சில ஐஜிஎஃப் 2ங்கிற ஜீன்ல குறி குறைஞ்சிருந்தது உண்மைதான், ஆனா கரு உண்டான சமயத்துல பஞ்சத்துல மாட்டுனவங்களுக்குத்தான் அந்த வித்தியாசம், கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல மாட்டுனவங்களுக்கு இல்ல. அவங்க அதைச் சொல்லல பாருங்க. ஊரே பட்டினி கிடந்ததையும் அப்பனைப் பறிகொடுத்த ஒரு மகள் நாலு நாள் சோறு இறங்காமக் கிடந்ததையும் ஒண்ணா வச்சுப் பேசுறது எனக்குக் கோவத்தையே வர வைக்குது.

சொந்தம், வம்சம், வீட்டுப் பேச்சு

சொந்தத்துல கட்டுனதைப் பத்தி. அத்தை மகன், மாமன் மகள்னு கட்டுறப்ப அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே குறையுள்ள ஜீன் இருந்து பிள்ளைக்கு ரெண்டும் சேர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும், அது உண்மை, சில காது கேளாமை, சில ரத்த நோய், சில என்சைம் குறைபாடுகள் அப்படி வரும். என்இசி அந்த வகை நோய் இல்ல, ஒரு ஜீன்ல குறை இருந்து பரம்பரையா இறங்குற நோய் இல்ல. ஜீன்ல சின்னச் சின்ன வித்தியாசம் சில பிள்ளைங்களைக் கூடுதலா பலவீனமாக்கலாம்னு பாத்துக்கிட்டு இருக்காங்க, அது யாரோட வம்சத்து மேலயும் பழி போடுற அளவுக்கு இல்ல.

உங்க மாமியாரைப் பத்தி நீங்க எழுதுனதுல ஒரு விஷயம் எனக்குத் தோணுச்சு, சொல்லலாம்னு நினைக்கிறேன். “அத்தை என்கூடப் பேசுறதே இல்ல”ன்னு எழுதியிருக்கீங்க. அவங்க உங்க அப்பாவோட கூடப்பிறந்த அக்கா. நீங்க அப்பாவை இழந்த அதே நாள்ல அவங்க தம்பியை இழந்திருக்காங்க, ரெண்டு மாசத்துல பேரன் என்ஐசியூல, கண்ணாடி வழியா பாக்கணும். அவங்க பேசாம இருக்கிறது உங்க மேல இருக்க கோவம்தான்னு முடிவு பண்ணிறாதீங்க. அடுத்த தடவை செக்கப்புக்குப் போறப்ப மச்சானை மட்டும் கூட்டிட்டுப் போகாம அத்தையையும் கூட்டிட்டுப் போங்க, உங்க டாக்டர்கிட்ட “எதனால வந்துச்சுன்னு எங்க அத்தைக்கும் சேத்து சொல்லுங்க”ன்னு கேளுங்க. நம்ம ஊர்ல மருமகள் சொன்னா ஏறாதது டாக்டர் வாயால வந்தா ஏறும். நாத்தனாருக்கு இந்தப் பக்கத்தையே படிக்கக் குடுங்க.

ராத்திரி தூக்கமே வர்றதில்ல, பிள்ளையைத் தூக்குறப்பவே பயமா இருக்கு, “நான் இல்லாம இருந்தா அவனுக்கு நல்லதோ”ன்னு ஒரு வரி எழுதிட்டு அடிச்சிருக்கீங்க. அடிச்சாலும் படிக்க முடியுது. என்ஐசியூல இருந்து வந்த பிள்ளைங்களோட அம்மாக்களுக்கு மனச்சோர்வு ரொம்ப சாதாரணமா வரும், மருந்தும் ஆலோசனையும் குடுத்தா சரியாகும், பால் குடுத்துக்கிட்டே சாப்பிடக்கூடிய மாத்திரைங்களும் இருக்கு. இந்த வாரத்துக்குள்ள ஒரு மனநல டாக்டரைப் பாருங்க, பெரியாஸ்பத்திரி ஓபிலயே பாக்கலாம். உங்களையே எதாவது பண்ணிக்கணும்னு எண்ணம் வந்தா மச்சானை எழுப்பிச் சொல்லுங்க, 104ங்கிற அரசு உதவி எண்ணுக்கு எந்த நேரமும் போன் பண்ணலாம். மத்த எல்லா வேலையையும் விட இதுதான் முதல்ல.

பவுடர் பாலும் புகாரும்

இதுல உண்மையை மறைக்கக் கூடாது. தாய்ப்பால் கிடைக்கிற குறைமாசப் பிள்ளையை விட பவுடர் பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு என்இசி பல மடங்கு கூடுதலா வருது, இங்கிலாந்துல 1990லயே இதைக் கணக்கெடுத்துச் சொல்லிட்டாங்க, ஆறு முதல் பத்து மடங்குன்னு. ஆனா 2024 அக்டோபர்ல அமெரிக்காவோட எஃப்டிஏ, சிடிசி, என்ஐஹெச்ங்கிற மூணு அரசு சுகாதார அமைப்பும் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டாங்க, பவுடர் பால் பட்டதாலங்கிறதை விட தாய்ப்பால் கிடைக்காததுதான் ஆபத்தைக் கூட்டுதுன்னு. உங்க பிள்ளைக்கு நாலஞ்சு நாள் பவுடர், அப்புறம் பத்து நாளுக்கு மேல உங்க பால். அந்த முதல் நாட்கள் பவுடராலதான் வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் கையெழுத்துப் போட முடியாது. முழுக்கத் தாய்ப்பாலே குடிச்ச பிள்ளைக்கும் இது வந்து நான் பாத்திருக்கேன்.

கேக்க வேண்டிய கேள்வி வேற ஒண்ணு இருக்கு. தாய்க்குப் பால் வரலன்னா அடுத்து தர வேண்டியது தானமாக் கிடைச்ச தாய்ப்பால்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மும்பை சயான் ஆஸ்பத்திரில 1989லயே நம்ம நாட்டோட முதல் தாய்ப்பால் வங்கி வந்துருச்சு, நம்ம பெரியாஸ்பத்திரிலயும் இருக்கு. தானப் பால் வாங்கப் பாத்தாங்களா, உங்ககிட்டயோ மச்சான்கிட்டயோ சொல்லிட்டுப் பவுடர் குடுத்தாங்களா, உங்களுக்கு முதல் நாள்லயே பால் பிழிய யாராவது சொல்லிக் குடுத்தாங்களா, இதைக் கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு. எழுத்துல கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கேஸ் ஷீட் காப்பி குடுக்கணும்னு 2002 மருத்துவக் கவுன்சில் விதி சொல்லுது. முதல்ல அதை வாங்குங்க, வாங்கி அந்த டாக்டர்கிட்டயே உக்காந்து கேளுங்க. பவுடர் டப்பா கம்பெனி ஆளுங்க வார்டுக்கு வந்து பேசுனாங்க, இலவசமா டப்பா குடுத்தாங்கன்னு எதாவது இருந்தா அது பவுடர் பால் விளம்பரத்தைத் தடுக்குற 1992 சட்டப்படி குத்தம், அதுக்குப் புகார் குடுங்க. அப்படி எதுவும் இல்லாம, அவசரத்துக்கு, தானப் பால் கிடைக்காம குடுத்தாங்கன்னா அதைக் கவனக்குறைவுன்னு நிரூபிக்கிறது கஷ்டம். நுகர்வோர் கமிஷன் போறதுக்கு ரெண்டு வருஷம் டயம் இருக்கு, அதனால இந்தக் கோவத்தோட இன்னைக்கே முடிவெடுக்க வேண்டாம். வழக்கு விஷயத்துல கடைசி வார்த்தை வக்கீலோடது, என்னோடது இல்ல.

அந்த டெஸ்ட்டும் பவுடரும்

நகையை அடகு வைக்காதீங்க. என்இசிக்கு எபிஜெனடிக் டெஸ்ட்னு ஆஸ்பத்திரிகள்ல பயன்படுற ஒண்ணு எங்கயும் கிடையாது. பிள்ளையோட மலத்துல இருந்தே இந்தக் குறிகளைப் பிடிச்சு நோய் வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமான்னு ஆராய்ச்சி நடக்குது, நல்ல ஆராய்ச்சி, வந்தா நான்தான் முதல்ல சந்தோஷப்படுவேன். ஆனா அது என்ஐசியூல படுத்திருக்க பிள்ளைக்கு உதவுற டெஸ்ட். உங்க பிள்ளைக்கு நோய் வந்து ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. இதோட குறி செல்லுக்குச் செல் மாறும், வாய்ல பஞ்சு வச்சு எடுக்குற எச்சில்ல குடலோட குறி தெரியாது. டெஸ்ட்ல எது வந்தாலும் வைத்தியத்துல ஒண்ணும் மாறப்போறதில்ல. பவுடர் அதை விட ஆபத்து, குடல் வெட்டுன பிள்ளைக்கு என்ன இருக்குன்னே தெரியாத பொடியைக் கரைச்சு ஊத்துறதுக்கு நான் ஒருக்காலும் சம்மதிக்க மாட்டேன்.

அந்தக் காசுக்கு முறையா செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கு. குடல்ல புண்ணு ஆறுன இடம் சுருங்கி அடைச்சுக்கிறது என்இசிக்கு அப்புறம் அடிக்கடி வர்ற சிக்கல். பெரும்பாலும் முதல் சில மாசத்துக்குள்ள வந்துரும், இருந்தாலும் கவனமா இருங்க. பிள்ளை பச்சையா வாந்தி எடுத்தா, வயிறு உப்பி மலம் காத்து எதுவும் போகலன்னா, மலத்துல ரத்தம் தெரிஞ்சா அன்னைக்கே சர்ஜன்கிட்ட ஓடணும், 108க்குக் கூப்பிடுங்க. ஊர்ல உடனே தொக்கம் எடுக்கணும், குடல் தட்டணும், வசம்பு உரசி வைக்கணும்னு சொல்வாங்க. சொல்றவங்க பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா தொக்கம் எடுக்கப் போன அரை நாள்ல அடைச்ச குடல் கெட்டுப்போகும். கிரைப் வாட்டர், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம்.

எடுத்தது சிறுகுடலோட கடைசிப் பகுதி, பி12 வைட்டமினும் பித்த உப்பும் அங்கதான் உறிஞ்சும். 18 சென்டிமீட்டர்ங்கிறது பயப்படுற அளவு இல்ல, கருவோட கடைசி மூணு மாசத்துல சிறுகுடலோட நீளம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும், உங்க பிள்ளைக்கு அந்த வளர்ச்சி வெளிய வந்ததுக்கு அப்புறமும் நடந்திருக்கும், இருக்குற குடலும் வேலையைக் கத்துக்கும். இருந்தாலும் பி12, ஹீமோகுளோபின், வைட்டமின் டி மூணையும் டாக்டர் சொல்ற இடைவெளில பாத்துக்கிட்டே வரணும். பி12 குறை உடனே வராது, உடம்புல சேத்து வச்சது தீந்து ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சும் தலைகாட்டும். இன்னைக்கு நல்லா இருக்கான்னு விட்டுறாதீங்க.

எடைக்கும் வளர்ச்சிக்கும் 7 மாசம்னு கணக்குப் பண்ணாதீங்க. 11 வாரம் முன்னாடி பிறந்தான், அதைக் கழிச்சா நாலரை மாசம். பக்கத்து வீட்டுப் பிள்ளை உக்காருது இவன் உக்காரலையேங்கிற கவலை பாதி இதுலயே போயிரும். ஆனா ஆபரேஷன் அளவுக்கு என்இசி வந்த பிள்ளைங்களுக்கு நடை, பேச்சு, காது, கண்ணு விஷயத்துல தாமதம் வர்ற வாய்ப்பு கூடுதல், அதையும் மறைக்க மாட்டேன். கண்ணுக்கு ஆர்ஓபி, அதாவது குறைமாசப் பிள்ளைங்களுக்கு வர்ற விழித்திரைக் கோளாறு, அதுக்கான செக்கப் என்ஐசியூலயே பண்ணியிருப்பாங்க, அந்த ரிப்போர்ட்ல அடுத்த தேதி எதாவது போட்டிருக்கான்னு பாருங்க, அரவிந்த் கண் ஆஸ்பத்திரில இதுக்குன்னே பாக்குறாங்க. மாவட்டத்துல டெய்க்னு சொல்ற ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கு, குழந்தைங்க உடல்நலத்துக்கான ஆர்பிஎஸ்கேங்கிற அரசுத் திட்டத்துல வர்றது, காசு கிடையாது, பிசியோவும் பேச்சுப் பயிற்சியும் சீக்கிரம் ஆரம்பிச்சா பெரிய வித்தியாசம் தெரியும். கேப்பைக் கூழு எப்பன்னு கேட்டிருந்தீங்க. கழிச்ச கணக்குல ஆறு மாசம் வர்ற வரைக்கும் அவசரம் வேண்டாம், தலை நல்லா நிக்கட்டும், குடல் ஆபரேஷன் ஆனதால ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை. பால் இன்னும் ஊறுதுன்னு எழுதியிருக்கீங்களே, அதைத் தொடர்ந்து குடுங்க, மடில போட்டுக் குடுங்க, பயந்து எட்ட வைக்காதீங்க.

அடுத்த பிள்ளை

என்இசி அப்படியே அடுத்த பிள்ளைக்கு வரும்னு இல்ல. திரும்ப வரக்கூடியது சீக்கிரப் பிரசவமும் பிபியும், அதைத்தான் தடுக்கணும். ரெண்டு வருஷமாவது இடைவெளி விடுங்க, சிசேரியன் தழும்புக்கும் அது தேவை. கரு நிக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஃபோலிக் ஆசிட் ஆரம்பிக்கணும். தள்ளிப்போன உடனே டாக்டரைப் பாத்து போன தடவை பிபி வந்த கதையைச் சொல்லணும், 12 வாரத்துல இருந்து குறைஞ்ச டோஸ் ஆஸ்பிரின் குடுப்பாங்க. 2017ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சில ஆபத்து அதிகமுள்ள தாய்மாருக்கு 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் குடுத்ததுல, 37 வாரத்துக்கு முன்னாடி வர்ற பிபி 62 சதவீதம் குறைஞ்சுது. நீங்களா வாங்கிச் சாப்பிடக் கூடாது, டாக்டர் எழுதித்தான். கால்சியமும் உண்டு. திரும்பவும் சீக்கிரம் வர்ற மாதிரி இருந்தா பிள்ளையோட நுரையீரல் முதிர்றதுக்காகத் தாய்க்குப் போடுற ஸ்டீராய்டு ஊசி என்இசியையும் குறைக்கும், அதனால என்ஐசியூ இருக்குற ஆஸ்பத்திரிலயே முதல்ல இருந்து பதிஞ்சு வச்சுக்கோங்க. சளி காய்ச்சலுக்கெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதச் சொல்லி நீங்களா கேக்காதீங்க.

கடைசில ஓரமா ஒண்ணு கேட்டிருந்தீங்க, குலசாமி கோயில்ல முடி எடுத்து காது குத்தலாமான்னு. தாராளமா. தடுப்பூசி எல்லாம் பிறந்த தேதிக் கணக்குப்படி முடிஞ்சிருக்கான்னு பாத்துக்கோங்க, அதுக்கு மட்டும் 11 வாரத்தைக் கழிக்கக் கூடாது. திருவிழா நெரிசல் இல்லாத ஒரு நாளாப் பாத்துப் போங்க, புது பிளேடு, புது ஊசி. பிள்ளை வாய்ல தேனோ சீனித்தண்ணியோ தொட்டு வைக்க வேண்டாம்னு தாய்மாமன்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க, ஒரு வயசு வரைக்கும் தேன் எந்தப் பிள்ளைக்கும் கூடாது.